தென்கடற் கோடியில் திருக்கோயில்: சிட்னி மாநகரில் தமிழர் குடியேறிய வரலாறு

கடல் கடந்து சென்ற தமிழர் தாம் சென்றவிடமெல்லாம் இறைவனுக்கு ஓர் இடம் கண்டனர் என்பது யாவரும் அறிந்த செய்தியே. பினாங்கு, சிங்கப்பூர், இரங்கூன், சைகோன் முதலிய துறைமுக நகரங்களில் நகரத்தார் பெருமக்கள் எடுத்த தண்டாயுதபாணி கோயில்கள் அதற்குச் சான்று பகர்கின்றன. சிங்கப்பூர்த் தண்டாயுதபாணிக்கு 1859ஆம் ஆண்டிலேயே குடமுழுக்கு நடந்தேறிவிட்டது. ஆயின் அங்கிருந்து இன்னும் தெற்கே, பசிபிக் மாகடலின் கரையில் அமைந்த சிட்னி மாநகரின் எல்லையில், ஆகம முறைப்படி ஒரு பெருங்கோயில் எழுவதற்கு 1985ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இடையே கழிந்த 126 ஆண்டுகளில் தமிழர்க்குக் கப்பல் இல்லாமற் போகவில்லை; துணிவும் இல்லாமற் போகவில்லை. கதவுதான் அடைபட்டிருந்தது. அக்கதவு அடைபட்ட வரலாறும், திறந்த வரலாறும், திறந்தபின் உட்சென்றோர் தம் தெய்வத்தையும் உடன் அழைத்துச் சென்ற வரலாறும் அடியார்கள் ஒருங்கே அறியத்தக்கன.

சிட்னி என்பது ஒரு நகரின் பெயராக வழங்கத் தொடங்கியது 1788ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஜனவரி 26ஆம் நாள் ஆளுநர் ஆர்தர் பிலிப் என்பார், இங்கிலாந்திலிருந்து பதினொரு கப்பல்களில் கைதிகளையும் காவலரையும் கொணர்ந்து, போர்ட் ஜாக்சன் என்னும் இயற்கைத் துறைமுகத்தின் ஒரு சிறு குடாவில் குடியேற்றம் கண்டார். அக்குடாவுக்கு ஆங்கில அமைச்சராகிய சிட்னி பிரபுவின் பெயர் இடப்பெற்றது. ஆனால் அந்நிலம் ஆளில்லா நிலம் அன்று. துறைமுகத்தின் தென்கரையில் கடிகல் குலத்தாரும், மேற்கே பரமட்டா ஆற்றின் பக்கங்களில் தாருக் மொழி பேசிய மக்களும் எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். பரமட்டா என்னும் பெயரே அம்மக்கள் மொழியில் விலாங்கு மீன் மிகுந்த இடத்தைக் குறிப்பது. பிற்காலத்தில் தமிழர் திரளாகக் குடியமர்ந்ததும், முருகப் பெருமானுக்குக் கோயில் எடுத்ததும் இந்தப் பரமட்டாவைச் சூழ்ந்த பகுதிகளிலேயே ஆதலின், அந்நிலத்தின் முதற்குடிகளை முதலில் நினைத்தல் முறையாகும்.

ஈண்டு ஒன்று சொல்லிச் செல்ல வேண்டும். குமரிக்கண்டம் கடல்கொள்ளப்படுமுன் தமிழகமும் ஆஸ்திரேலியாவும் ஒரே நிலப்பரப்பாய் இருந்தன என்றும், அந்நாட்டு முதற்குடிகளும் தமிழரும் ஓரினத்தார் என்றும், மறவர் சீமையின் வளரியும் அவர்தம் பூமராங்கும் அதற்குச் சான்று என்றும் எழுதுவார் உளர். இரு கருவிகளும் வடிவால் ஒத்திருப்பது மெய்யே. எனினும் உருவொப்புமை ஒன்றையே கொண்டு உறவை நாட்டிவிட இயலாது; அத்தகைய கண்டம் ஒன்று இருந்ததாக நிலநூலாரும் ஒப்புவதில்லை. மெய்யான வரலாறே போதிய சிறப்புடையதாய் இருக்கும்போது கற்பனை உறவின் துணை எதற்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியர் சிலர் அக்கண்டத்தை அடைந்ததுண்டு. 1837, 1838ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவிலிருந்து கூலியாட்கள் நியூ சவுத் வேல்ஸ் நாட்டின் மேய்ச்சல் நிலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1860ஆம் ஆண்டிற்குப் பின், உள்நாட்டுப் பாலை நிலங்களில் சுமை கொண்டு செல்வதற்கென ஒட்டகங்களோடு பலர் வந்தனர். அவர்கள் எந்நாட்டினராயினும் ஆப்கானியர் என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். 1882ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்தும் ஒரு கப்பல் நிறையத் தொழிலாளர் குவின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். இவர்களுள் தமிழர் ஒருசிலர் இருந்திருக்கலாம். ஆனால் தமிழர் என்னும் சமூகமாக அவர்கள் வேரூன்றவில்லை. இதே காலத்தை ஒட்டி, 1903ஆம் ஆண்டு முதல், சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜித் தீவுகளுக்குச் சென்றவர்கள் கரும்புக் கொல்லையின் ஓரத்திலேயே மாரியம்மனுக்கும் முருகனுக்கும் இடம் அமைத்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் சிட்னிக்கு வந்து சேர்ந்த கதை பின்னர் வரும்.

1901ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று ஆறு குடியேற்ற நாடுகள் இணைந்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அமைந்தது. புதிய நாடாளுமன்றம் அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை என்று உலகம் கூறுவது இச்சட்டத்தின்மேல் எழுந்ததே. வியப்பு என்னவெனில், ஆசியரை விலக்குவதற்கென்றே பிறந்த அச்சட்டத்தில் நிறத்தைக் குறிக்கும் சொல் எதுவும் இல்லை. இந்தியரும் பிரிட்டிஷ் மன்னரின் குடிகளாதலின், அவர்களைப் பெயர் சொல்லி விலக்குவது இலண்டன் அரசுக்குச் சங்கடம் விளைவிக்கும். ஆகவே வேறொரு வழி கண்டனர். கரையிறங்க வருபவனிடம் அலுவலர் ஒருவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்கள் கொண்ட ஒரு பகுதியை வாசிப்பார். அவன் அதனைப் பிழையற எழுதிக் காட்ட வேண்டும். எந்த மொழி என்பதைத் தெரிந்தெடுப்பவர் அலுவலரே. ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்த சென்னைப் பட்டதாரி ஒருவன் வந்து நின்றால், அவனுக்கு ஸ்வீடன் நாட்டு மொழியில் வாசித்தால் போதுமன்றோ! 1909ஆம் ஆண்டிற்குப் பின் அத்தேர்வில் தேறியவர் ஒருவரும் இலர். 1934ஆம் ஆண்டில் எகான் கிஷ் என்னும் ஐரோப்பிய எழுத்தாளர் பல மொழி வல்லவராய் வந்து நின்றபோது, அவரை வீழ்த்துவதற்கு ஸ்காத்லாந்தின் கேலிக் மொழியைத் தேடி எடுத்தனர். அது ஐரோப்பிய மொழியாகாது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றமே தீர்ப்பளிக்க, ஊர் சிரித்தது.

இலண்டனிலிருந்து சிட்னிக்குச் செல்லும் தபால் கப்பல்கள் அந்நாளில் கொழும்புத் துறையில் தங்கி நிலக்கரியும் நீரும் ஏற்றிக்கொண்டன. அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் மேற்கரையிலுள்ள பிரிமேண்டில் துறைமுகம் ஒன்பது பத்து நாட் பயணமே. கொழும்புத் துறைமுகத்தில் உழைத்தவருள் தமிழர் மிகப் பலர். அக்கப்பல்கள் எங்கே செல்கின்றன என்பதை அவர்கள் அறிவார்கள். அங்கே தமக்கு இடமில்லை என்பதையும் அறிவார்கள்.

இந்நிலையில் ஒரு தமிழர் அந்நாட்டிற்கே சென்று நியாயம் கேட்டார். அவர்தாம் மகாகனம் சீனிவாச சாஸ்திரியார். 1869ஆம் ஆண்டில் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் எளிய வைதிகக் குடும்பத்தில் தோன்றி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராய் விளங்கி, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்திற்குத் தலைமை தாங்கியவர் அவர். 1921ஆம் ஆண்டில் இலண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில், பேரரசின் எப்பகுதியிலும் சட்டப்படி குடியிருக்கும் இந்தியர்க்குக் குடியுரிமை மறுக்கப்படலாகாது என்னும் தீர்மானம், தென்னாப்பிரிக்கா நீங்கலாக ஏனையோர் இசைவுடன் நிறைவேறிற்று. அதனைச் செயற்படுத்துமாறு வேண்டுதற்கு 1922ஆம் ஆண்டில் சாஸ்திரியார் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார். அப்போது ஆஸ்திரேலியாவின் பிரதமராய் இருந்தவர் வில்லியம் ஹியூஸ். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையில் உறுதியானவர். அரசு விருந்தினராய்ச் சென்றமையால் சாஸ்திரியார்க்கு ஐம்பது சொல் தேர்வு இல்லை. இருந்திருப்பின், ஆங்கிலத்தில் நடத்தியிருப்பின், அவர்க்கு முன்னால் வாசிக்கும் அலுவலர்தாம் தம் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்! அவர்தம் ஆங்கில நாவன்மை அத்தகையது.

சாஸ்திரியார் கேட்டது சிறிதே. புதியவர்க்கு வாயிலைத் திறவுங்கள் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே ஏற்கெனவே வாழ்வோரை மனிதராய் மதித்து வாக்குரிமை தருக என்றே கேட்டார். இதனை அந்நாளிலேயே தாயகத்தில் பலர் குறைகூறினர். அடிமைத்தனமான வேண்டுகோள் என்றனர். அக்குறை முற்றும் தவறன்று. எனினும் 1925ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம், அங்கே குடியிருந்த பிரிட்டிஷ் இந்தியர்க்குக் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை வழங்கிற்று. எண்ணிக்கையால் பயனடைந்தவர் மிகச் சிலர். அடைந்த சுவரில் முதற் கீறல் அது. இன்று சிட்னியில் வாக்குச்சாவடிக்குச் செல்லும் தமிழர் பலர் வலங்கைமான் அந்தணர் ஒருவர் தமக்கு முன்னே அங்கு வந்து பேசியதை அறியார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்றின் திசை மாறிற்று. 1950ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் அமைச்சர் மாநாட்டில் கொழும்புத் திட்டம் உருவாயிற்று. அதற்கு முன்னின்று உழைத்தவருள் ஒருவர் ஆஸ்திரேலிய வெளிநாட்டமைச்சர் பெர்சி ஸ்பெண்டர். அத்திட்டத்தின்படி இந்தியா, இலங்கை, மலாயா நாடுகளின் மாணவர்கள் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பயிலச் சென்றனர். படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்பிவிட வேண்டும் என்பது கட்டளை. ஆயினும், ஆஸ்திரேலியக் குடும்பங்களின் வீடுகளிலும் கல்லூரி விடுதிகளிலும் ஆசிய மாணவர் தங்கி, உடனிருந்து உண்டு, தேர்வில் முன்னிலை பெற்றபோது, நாற்பது ஐம்பது ஆண்டுகளாய்ச் சொல்லப்பட்டு வந்த பொய்கள் தாமே உதிர்ந்தன. சட்டப் புத்தகத்தைவிட இதனால் விளைந்த மாற்றமே பெரிது எனலாம். 1958ஆம் ஆண்டில் ஐம்பது சொல் தேர்வு நீக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில் ஹரால்ட் ஹோல்ட் அரசு, கல்வியும் தொழிற்றகுதியும் உடைய ஆசியர்க்கு வழிவிட்டது. 1973ஆம் ஆண்டில் காஃப் விட்லம் அரசு, குடியேற்றத்தில் இனவேறுபாடு பார்ப்பதையே கைவிட்டது. எழுபத்திரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்த கதவு முழுவதும் திறந்தது அப்போதுதான்.

திறந்த கதவின் வழியே முதலில் நுழைந்தவர்கள் மருத்துவர், பொறியியலாளர், கணக்காய்வாளர், ஆசிரியர். இலங்கையில் 1956ஆம் ஆண்டின் சிங்கள மொழிச் சட்டமும், 1970க்குப் பின் பல்கலைக்கழக நுழைவில் புகுத்தப்பட்ட தரப்படுத்தலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றை வெளிநாடு நோக்கச் செய்தன. மெல்போர்ன் நகரின் லாட்ரோப் பல்கலைக்கழகத்திற்கு 1968ஆம் ஆண்டிலேயே கணிதப் பேராசிரியராய்ச் சென்ற எலியேசர் அவர்கள், கிறித்தவராயினும், பிற்காலத்தில் அக்கண்டத்துத் தமிழர் சங்கங்களை ஒன்றிணைக்கப் பாடுபட்டார். தமிழகத்திலிருந்து வந்தோர் தொகை அக்காலத்தில் சிறிது.

அந்நாளைய வாழ்வை இன்றையோர் நினைத்துப் பார்த்தல் அரிது. அரிசி கிடைக்கும், புளி கிடைப்பது அரிது. சாம்பிராணிப் புகை எழுந்தால் பக்கத்து வீட்டார் தீப்பிடித்ததோ என்று எட்டிப் பார்ப்பர். குளிர்கால வைகறையில் நீராடி, துணி அலமாரியின் ஒரு தட்டில் வைத்த வேலுக்கும் விநாயகருக்கும் விளக்கேற்றிவிட்டுப் பணிக்கு விரைவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் யாரேனும் ஒருவர் வீட்டில் கூடித் தேவாரமும் திருப்புகழும் ஓதுவர். திருவிழா வந்தால் பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்குப் பிடிப்பர். பூசை முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மண்டபத்தைக் கூட்டித் துடைத்து, சுவாமி படங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். தெய்வத்திற்கே முகவரி இல்லாத காலம் அது. இந்நிலை இவர்களை வருத்திற்று. தம் பிள்ளைகள் கோயில் என்பதைப் படத்தில் மட்டுமே காண்பர் என்னும் எண்ணம் அதனினும் வருத்திற்று.

1977ஆம் ஆண்டில் சிட்னியின் ஆபர்ன் பகுதியில் ஸ்ரீ மந்திர் என்னும் சிறு கோயில் அமைந்தது. சாதாரண வீடு ஒன்றே வழிபாட்டிடமாயிற்று. அடுத்து, நகரின் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், ஹெலன்ஸ்பர்க் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரை ஒட்டிய காட்டுநிலத்தில், வேங்கடவனுக்குப் பெருங்கோயில் எழுந்து 1985ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. தென்னிந்தியச் சிற்பிகளின் கைவண்ணத்தால் யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே வெண்ணிற விமானங்கள் எழுந்தன. அங்கே வேங்கடேசப் பெருமாளோடு சந்திரமௌலீசுவரரும் திரிபுரசுந்தரியும் தனிச் சந்நிதிகளில் எழுந்தருளியுள்ளனர். மெல்போர்ன் நகரின் கேரம் டவுன்ஸ் பகுதியில் 1994ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட கோயிலும் சிவனுக்கும் திருமாலுக்கும் பொதுவானதே. தாயகத்தில் நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டும் தீராதிருந்த சைவ வைணவப் பிணக்கு, காசு போதாமையால் ஒரே மதிலுக்குள் தீர்ந்துவிட்டது. வறுமையும் சிற்சில வேளைகளில் நல்லாசிரியனே.

1983ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த கொடுமைகளை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீடும் உறவும் இழந்து வந்தோரை ஆஸ்திரேலிய அரசு சிறப்பு மனிதாபிமானத் திட்டத்தின்கீழும் உறவினர் அழைப்பின்பேரிலும் ஏற்றுக்கொண்டது. 1987ஆம் ஆண்டில் பிஜித் தீவில் இராணுவப் புரட்சிகள் நிகழ, அங்கிருந்தும் இந்திய வமிசத்தார் சிட்னியை நாடினர். சென்னையிலிருந்து கரும்புக் கொல்லைக்குச் சென்றோரின் வழித்தோன்றல்களும் அவருள் இருந்தனர். முன்னே வந்தவர்கள் வேலை தேடி வந்தவர்கள். இப்போது வந்தவர்கள் திரும்பிச் செல்ல ஊர் இல்லாதவர்கள். இவ்வேறுபாடு கோயில் வரலாற்றில் பெரிதும் முக்கியமானது. என்றேனும் ஊர் திரும்புவோம் என்றிருப்பவனுக்கு அலமாரித் தட்டே கோயிலாகப் போதும். எரிந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அது போதாது. நல்லூரானைத் தரிசிக்கச் செல்ல இயலாதவர்கள், அவனை இங்கே வரவழைக்கத் துணிந்தனர். சைவ மன்றம் என்னும் அமைப்பினர் மேஸ் ஹில் பகுதியில் நெடுஞ்சாலை ஓரத்து மேட்டு நிலத்தில் எடுத்த சிட்னி முருகன் கோயில் 1999ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. வென்ட்வொர்த்வில், துங்காபி, பெண்டில் ஹில், வெஸ்ட்மீட் எனச் சுற்றியுள்ள பகுதிகளில் தமிழர் குடியிருப்பு அடர்ந்தது.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கோயில் எடுத்தோர் பெருவணிகர். அவர்க்குப் பின்னால் நகர விடுதியும் மகமைப் பணமும் நின்றன. அதற்கும் முந்தைய நாளில் மன்னர் தேவதானமாக ஊர்களை விட்டனர். சிட்னியில் மன்னரும் இல்லை, மகமையும் இல்லை. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களே, இன்னொரு தவணையாகக் கோயிலுக்கும் கட்டினர். விடுமுறை நாட்களில் மகளிர் கோயில் உணவகத்தில் தோசையும் இட்டிலியும் ஆக்கி விற்ற பணமும் கல்லாகவும் சுதையாகவும் மாறியுள்ளது. பட்டயத்தில் பொறிக்கப்படும் பெருங்கொடையாளர் பெயர்களுக்கு நிகராக, பொறிக்கப்படாத அக்கைகளும் போற்றத்தக்கன.

நிதி சேர்ந்தாலும் தடை தீர்ந்துவிடாது. கோபுரம் எவ்வளவு உயரம், மணியோசை எத்துணைத் தூரம் கேட்கும், திருவிழா நாளில் கார்கள் எங்கே நிற்கும் என்பனவற்றுக்கெல்லாம் நகராண்மை மன்றத்திற்கு வரைபடத்தோடு விடை கூற வேண்டும். ஆகமத்தில் கார் நிறுத்தும் இடத்திற்கு விதி இல்லை. சிட்னியில் அதுவே முதல் விதி! கும்பாபிஷேகத்திற்குரிய பொருள்களின் பாடு வேறு. தீவுக் கண்டமாதலின், பயிர்நோயும் பூச்சியும் புகாதவாறு அந்நாட்டார் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் கடுஞ்சோதனை நடத்துவர். தர்ப்பை, சமித்து, உமியோடு கூடிய நெல், மாவிலை ஆகிய எதனையும் கேட்பாரின்றிக் கொண்டுசெல்ல இயலாது. ஆனால் நெல்லோ அந்நாட்டிலேயே விளைகிறது; மரம்பிட்ஜி ஆற்றுப் பாசனத்தில் லீட்டன் ஊரைச் சூழ்ந்த வயல்களில் 1920களிலிருந்தே நெற்பயிர் உண்டு. கும்பத்தின் கீழ்ப் பரப்புதற்கு வேண்டிய தானியம் காவிரிக் கரையதாயினும் மரம்பிட்ஜிக் கரையதாயினும் தானியமே. வாழை குவின்ஸ்லாந்திலிருந்து வரும். கறிவேப்பிலையும் துளசியும் வீட்டுக்கு வீடு தொட்டியில் வளரும். குளிர்காலத்தில் துளசியை அறைக்குள் எடுத்து வைத்துக் குழந்தையைப் போற் காப்பர்.

இனி, வானமும் காலமும் மாறியதால் நேர்ந்தவை சுவையுடையன. சிட்னி நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 34 பாகையில் உள்ளது. ஆதலின் அங்கே கதிரவன் கிழக்கே எழுந்து, வடவான் வழியே சென்று, மேற்கே மறைவான். தைப்பொங்கல் கடுங்கோடையில் வரும். ஆடி குளிரில் நடுங்கும். கார்த்திகைத் தீபத்தன்று இரவு எட்டு மணிக்கும் வானில் வெளிச்சம் நிற்கும். கதிரவனின் போக்கைப் பின்பற்றியே கோயிலை வலம் வருகிறோம் என்று எண்ணிய சிலர், இங்கே இடமாக வர வேண்டுமோ என்று ஐயுற்றனர். வலம் என்பது வலக்கைப் பக்கம். இறைவன் நம் வலப்பக்கத்தே இருக்குமாறு சுற்றுவதே பிரதட்சிணம் ஆதலின், கதிரவன் எவ்வழிச் சென்றாலும் அம்முறை மாறுவதில்லை.

பஞ்சாங்கம் அவ்வளவு எளிதில் தீரவில்லை. திதி என்பது சந்திர சூரியரின் இடைத்தொலைவால் அமைவது. உலகெங்கும் ஒரே கணத்தில் பிறந்து ஒரே கணத்தில் முடிவது. கடிகாரமோ இடத்துக்கு இடம் வேறு. சிட்னியின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு நாலரை மணி முந்தியது. கோடையில் ஐந்தரை மணி. ஆனி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் 3 மணிக்கு இந்தியாவில் திரயோதசி தொடங்குவதாகக் கொள்வோம். சென்னையில் அன்று மாலையே பிரதோஷம். அக்கணத்தில் சிட்னியில் இரவு 7.30 மணி, கதிரவன் மறைந்து இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆகவே அங்கே மறுநாள் மாலையே பிரதோஷம். இதனை அறியாது, தாயகத்திலிருந்து தருவித்த நாட்காட்டியைப் பார்த்து விரதம் இருந்தோர் பலர். அவ்விடத்துச் சூரிய உதய அஸ்தமனங்களைக் கொண்டு கணித்த பஞ்சாங்கத்தையே பின்பற்ற வேண்டும் என்பது மெல்ல மெல்லத்தான் நிலைபெற்றது.

திருமணத்தில் அருந்ததி காட்டும் சடங்குக்கு நேர்ந்ததும் அறியத்தக்கது. துருவ நட்சத்திரம் சிட்னி வானில் எந்நாளும் தோன்றுவதில்லை. அருந்ததியோ வடக்கே அடிவானத்தை ஒட்டி நிற்பதால் கண்ணுக்குப் புலனாவது இல்லை என்றே சொல்லலாம். மணமகன் வெறும் திசையையே காட்டுகிறான். தமிழகத்திலும் பட்டப்பகலில் பந்தலின் ஓட்டையைக் காட்டி அருந்ததி என்பவர்கள் இதற்கு நகைத்தல் தகாது! அருந்ததியை இழந்த அவ்வானம் அகத்தியரைத் தந்தது. தென்திசை நோக்கிச் சென்ற அம்முனிவரின் பெயர் தாங்கிய விண்மீன், சென்னை வானில் 24 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. சிட்னியிலோ 71 பாகை வரை ஏறி, ஏறத்தாழ உச்சியில் நின்று ஒளிர்கிறது. அருகே திரிசங்கு என்று வழங்கும் தென்சிலுவை மீன்கூட்டம் ஆஸ்திரேலியக் கொடியிலேயே இடம்பெற்றுள்ளது. விண்ணிலும் மண்ணிலும் இடமின்றி நடுவே நின்றவன் திரிசங்கு. அகதி முகாம்களையும் தடுப்பு நிலையங்களையும் கண்டோர்க்கு அப்பெயரின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டிற்குப் பின் படகேறி வந்த இலங்கைத் தமிழரின் நிலை இன்னும் அத்தகையதே. 2013ஆம் ஆண்டு ஜூலையில், இனிப் படகில் வருவோர்க்கு ஆஸ்திரேலியாவில் குடியமர இடமில்லை என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. விமானத்தில் வந்தோர் எடுத்த கோயிலில் படகில் வந்தோரும் வரிசையில் நின்று திருநீறு பெறுகின்றனர். மதிலுக்கு வெளியே இருவர் நிலையும் ஒன்றன்று.

2021ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி ஆஸ்திரேலியாவில் இந்துக்கள் 6,84,000 பேர்; வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000 பேருக்கு மேல். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் தமிழ் பேசுவோர் 73,000 அளவினரே. தமிழகத்திலிருந்து கணிப்பொறித் துறையினரும் மாணவரும் பெருகி வந்தமை இவ்வளர்ச்சிக்கு ஒரு காரணம். ஆயினும் இத்தொகையைக் கண்டு மட்டும் மகிழ்தல் கூடாது. புதிதாய் வந்து இறங்குவோர் எண்ணிக்கையைக் கூட்டுகின்றனர். அங்கேயே பிறந்தோர் தமிழைத் தொடர்கின்றனரா என்பதை அவ்வெண் காட்டாது. வார இறுதியில் அரசுப் பள்ளிக் கட்டிடங்களில் தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேனிலைப் பள்ளி இறுதித் தேர்வில் தமிழும் ஒரு பாடமாக உள்ளது. ஐம்பது சொல் எழுதச் சொல்லித் தமிழரை வாயிலில் தடுத்த நாடு, இன்று தமிழில் எழுதச் சொல்லி மதிப்பெண் வழங்குகிறது. ஆனால் அத்தேர்வுக்கு அமரும் பிள்ளைகளின் தொகை சிறிது. கோயிலில் கணீரெனத் திருப்புகழ் பாடும் சிறுமி, பாடி முடித்து, அதன் பொருளை ஆங்கிலத்தில் கேட்கிறாள். அவளுக்கு விடை கூறுவதற்கு அர்ச்சகரும் பெற்றோரும் ஆயத்தமாய் இருக்கின்றனரா என்பதே வினா. மணியடித்துத் தீபம் காட்டுவதோடு அமையும் கோயில்கள் இவ்வினாவை இன்னும் நேரே நோக்கவில்லை.

குடியேறிய முதல் தலைமுறையினர் இன்று முதுமை எய்தி ஒவ்வொருவராய் இறைவனடி சேர்கின்றனர். 1925ஆம் ஆண்டில் ரூக்வுட் இடுகாட்டில் அமைந்த எரியூட்டு நிலையம்தான் அம்மாநிலத்தின் முதல் எரியூட்டு நிலையம். அங்கும் நகரின் பிற நிலையங்களிலும் இப்போது தமிழில் திருமுறை ஓதும் குரல் கேட்கிறது. முன்னாளில் சாம்பலைப் பெட்டியில் வைத்துக் காத்திருந்து, கீரிமலைக்கோ இராமேசுவரத்துக்கோ காசிக்கோ கொண்டுசென்றனர். இப்போது பலர் சிட்னியின் கடலிலேயே கரைக்கின்றனர். அமாவாசைதோறும் அவர்தம் மக்கள் தெற்கு நோக்கி எள்ளும் நீரும் இறைக்கின்றனர். அத்திசையில் பனிக்கண்டத்தைத் தவிர வேறு நிலம் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துதல் மரபு. மேஸ் ஹில் முருகனுக்கும் ஹெலன்ஸ்பர்க் வேங்கடவனுக்கும் இனி வருங்காலத்தில் நிகழவிருக்கும் குடமுழுக்குகளில், யாகசாலைக்கு நிதி திரட்டி, நகராண்மை மன்றத்தில் அனுமதி பெற்று, கும்பம் தாங்கி நிற்பவர்கள் அம்மண்ணிலேயே பிறந்தவர்களாய் இருப்பர்.